நூறு மணிக்கூர் ஓடட்டும்

ஸ்பீக்கர் பாக்ஸும் ஆம்ப்ளிஃபயரும் விற்கிற கடையில் சரக்கு தீர்ந்தால் வரவழைத்துக்கொள்ளலாம். சமாதானம் சொல்லத் தெரியாதவன் அன்றைக்கே ஷட்டரை இறக்கிவிட வேண்டியதுதான்.

நீங்களும் அனுபவித்திருப்பீர்கள். கடையில் கேட்டபோது நெஞ்சுக்குள் இறங்கிய பாட்டு, வீட்டு வரவேற்பறையில் வைத்ததும் தகரக் கூரையில் ஆணி கொட்டினாற்போல் ஒலித்திருக்கும். கடைக்குப் போன் செய்திருப்பீர்கள். மறுமுனையில் ஒருவன் கொஞ்சமும் பதறாமல், "புதுசுல்லா, ஒரு நூறு மணிக்கூர் ஓடட்டும், பாக்ஸ் பழகணும்" என்று சொல்லியிருப்பான். மணிநேரத்தை எங்கள் பக்கம் மணிக்கூர் என்போம். பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடையில் அந்தப் பதிலை வாங்கியவர்களில் பாதிப்பேருக்காவது அதைச் சொன்னவன் நான்தான்.

பதினெட்டு வருடமாகச் சொல்லியிருக்கிறேன். யாருக்கும் பெரிய நஷ்டம் வந்ததில்லை, ஒருவரைத் தவிர. ராசையன் அண்ணன், பஸ் டிரைவர். அவருக்கு வலது காது போயிற்று, காதோடு ஸ்டியரிங்கும் போயிற்று. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அந்த வாக்கியம் என் வாய்க்கு எப்படி வந்தது என்பதிலிருந்து தொடங்கினால்தான் சரியாக இருக்கும்.

கையில் ஒரு வேலை

நான் கடையில் சேர்ந்த முதல் மாதம். காட்டாக்கடையிலிருந்து ஒருவர் ஆட்டோவில் இரண்டு பாக்ஸைத் திருப்பிக் கொண்டுவந்தார். வாங்கி மூன்று நாள்தான் ஆகியிருந்தது. சத்தத்தில் ரத்தமே இல்லை என்றார். நான் முதலாளியைப் பார்த்தேன். முதலாளி நாற்காலியிலிருந்து எழவில்லை. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "எத்தனை மணிக்கூர் ஓட்டினீங்க?" என்று கேட்டார். வந்தவர் யோசித்தார். ஆறோ ஏழோ இருக்கும் என்றார். முதலாளி சிரித்த சிரிப்பில் பரிதாபம் இருந்தது. புதுச் செருப்பு கடிப்பதைப் பற்றிப் பேசினார். உள்ளே அதிர்கிற காகிதக் கோன் இளக வேண்டும், விளிம்பு ரப்பர் தளர வேண்டும், நூறு மணிக்கூராவது ஆகும் என்றார். வந்தவர் இரண்டு பாக்ஸையும் அதே ஆட்டோவில் திரும்ப ஏற்றினார். வரும்போது ஏமாந்தவராக வந்தார். போகும்போது ஒரு பொறுப்பை ஏற்றுக்கொண்டவராகப் போனார்.

ஆட்டோ வளைவு திரும்பியதும், நிஜமாகவே அப்படி மாறுமா என்று கேட்டேன். முதலாளி கண்ணாடியை மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார். "மாறுமா மாறாதாங்கிறது நமக்கு எதுக்குலே? குறை சொல்ல வந்தவனை வெறுங்கையோட திருப்பி விடக்கூடாது. கையில ஒரு வேலை குடுத்து விடணும்."

அம்பு போட்ட வயர்

வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை செய்கிற ஒரு இளைஞர், நெய்யாற்றின்கரைக்காரர், எங்களிடம் ஸ்பீக்கர் வயர் வாங்கினார். வயரின் மேல் அம்புக்குறி போட்டிருந்தது. வயரையும் ஓட்டிப் பழக்க வேண்டும் என்று இணையத்தில் படித்திருந்தார். செம்புக் கம்பி எதற்குப் பழக வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. ஆமாம் சார் என்று சொல்லத் தெரிந்திருந்தது. இரண்டு வாரம் கழித்துப் பதற்றமாகப் போன் செய்தார். வயரை இவ்வளவு நாளும் அம்புக்கு எதிராக மாட்டி வைத்திருந்தாராம். இனித் திருப்பி மாட்டினால் மறுபடி முதலிலிருந்து பழக்க வேண்டுமா? நான் ஒரு நொடி யோசித்து, பாதி போதும் சார், ஐம்பது, என்றேன். எதிர்முனையில் நிம்மதியான மூச்சு கேட்டது. "அப்பம் லாபம்தான் அண்ணா. நான் பேடிச்சுப் போயிட்டேன்."

லீவுக்கு முன்பு

வெள்ளறடையில் ஸ்டெல்லா டீச்சர் என்று ஒருவர். கணவர் வளைகுடாவில். அவர் அங்கிருந்தே மாடல் எண் பார்த்து, எங்களிடம் போனில் பேசி, செட்டை வீட்டுக்கு அனுப்ப வைத்தார். அவர் லீவில் வருவதற்குள் பாக்ஸ் பழகி முடிந்திருக்க வேண்டும் என்பது கட்டளை. அதற்கான வழியை நான்தான் சொல்லிக் கொடுத்திருந்தேன்: இரண்டு பாக்ஸையும் முகத்தோடு முகம் சேர்த்து நிறுத்தி, ஒன்றின் வயரை மாற்றி இணைத்து, மேலே கம்பளியைப் போர்த்திவிட்டால் வெளியே சத்தம் அதிகம் வராது. இரவும் பகலும் ஓடலாம். டீச்சர் அப்படியே செய்தார். படுக்கையறைக் கட்டிலில், கணவர் படுக்கிற பக்கத்தில், கம்பளிக்குள் இரண்டு பெட்டிகள் ஒன்றோடொன்று முனகிக்கொண்டு கிடந்தன. தினமும் வீடியோ காலில் கணவர் முதலில் பார்க்கக் கேட்டது அவற்றைத்தான்.

ரிமோட் வேலை செய்யவில்லை என்று கூப்பிட்டபோது போனேன். பேட்டரியைத் திருப்பிப் போட வேண்டியிருந்தது, அவ்வளவுதான். கிளம்பும்போது டீச்சர் கம்பளியைப் பார்த்துக்கொண்டு கேட்டார். "ஒரு சம்சயம் அண்ணா. போன லீவுல அவரு எனக்க கூட இருந்து வாய்திறந்து பேசினது எல்லாம் சேத்தாலும் நூறு மணிக்கூர் வராது. இந்த மரப்பெட்டிக்கு நூறு வேணுமா?"

திரைக்குப் பின்னால்

இந்த இடத்தில் நீங்கள் என்னை மன்னிக்க ஒரு வழி தேடிக்கொண்டிருக்கலாம்: பாவம், அவனுக்கும் தெரியாமல்தானே சொல்லியிருப்பான் என்று. அப்படியில்லை. எனக்குத் தெரியும்.

ஒரு சனிக்கிழமை, முதலாளி ஊரில் இல்லை, மழை, கடையில் ஈ கூட இல்லை. பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் பௌதிகம் எடுக்கிற ஜெயசிங் சார் குடை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தார். எதையும் வாங்கமாட்டார், கேள்வி கேட்பார். பழக்கிய பாக்ஸுக்கும் புதுசுக்கும் உள்ள வித்தியாசம் உனக்குக் கேட்குமா என்றார். கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன் என்றேன். சரி, மூடு என்றார். காட்சிக்கு வைத்து ஒரு வருடமாகப் பாடிக்கொண்டிருந்த ஜோடி ஒன்று, அன்றைக்குத்தான் அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்த அதே மாதிரி ஜோடி ஒன்று. நடுவில் ஒரு படுக்கை விரிப்பைத் திரையாகக் கட்டினோம். அவர் பின்னால் நின்று மாற்றி மாற்றிப் போட்டார். நான் பழசு, புதுசு, பழசு என்று சொல்லிக்கொண்டே வந்தேன். முடிவில் காகிதத்தைக் காட்டினார். காசைச் சுண்டிப் போட்டிருந்தாலும் அவ்வளவு சரியாக வந்திருக்கும்.

சார் நியாயமானவர். விளிம்பு ரப்பர் முதலில் கொஞ்சம் விறைப்பாக இருப்பது உண்மைதான், சில மணிநேரத்தில் இளகிவிடும், அந்த வித்தியாசம் கருவிக்குத் தெரியலாம் என்றார். அதற்கு மேல் மாறுவது கேட்கிறவன் காதுதான். நேற்றைய சத்தத்தைக் காதால் நினைவில் வைத்துக்கொள்ளவும் முடியாது, இன்றைய சத்தத்தை வெறுத்துக்கொண்டே இருக்கவும் முடியாது. மழை விட்டதும் குடையை எடுத்தார். வாசலில் நின்று சொன்னார். "நீ சொல்றது பொய்யின்னு நான் சொல்லல்ல. நீயே நம்பாத ஒண்ணைத் தெனமும் சொல்றியே, அதுக்குப் பௌதிகத்துல பேரு கிடையாது."

அதற்குப் பிறகும் சொன்னேன். இப்போது ராசையன் அண்ணன்.

புது எஞ்சின்

அதற்குள் முதலாளி கடைக்கு வருவதை நிறுத்தியிருந்தார், நான்தான் எல்லாம். ராசையன் அண்ணனுக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. பாறசாலையிலிருந்து வெள்ளறடைக்கு பஸ் ஓட்டினார். ரப்பர்த் தோட்டங்களுக்கு நடுவே ஏறி இறங்கி வளைகிற அந்த ரோட்டை, ஓடையில் தண்ணீர் போகிற மாதிரி அவர் ஓட்டுவார் என்று பயணிகள் சொல்வார்கள். பஸ்ஸில் பாட்டு போடமாட்டார். வண்டியின் சத்தம்தான் கேட்க வேண்டும், அதில்தான் எல்லாம் தெரியும் என்பார். பாட்டு வீட்டுக்கு.

மூன்று முறை வந்தார். மூன்று முறையும் பென் டிரைவில் அதே எட்டுப் பழைய பாட்டுகள். அழுக்குப் படியாத பெரிய கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, எல்லா ஜோடியிலும் எட்டையும் கேட்டார். நான்காம் முறை மனைவி லில்லி அக்காவோடு வந்து எடுத்தார். அக்கா அங்கன்வாடியில் வேலை பார்க்கிறார். அவர் ஒன்றைத்தான் கேட்டார்: துடைக்க ஈரத்துணி ஆகுமா?

அண்ணன் எந்தக் குறையும் சொல்லவில்லை. சொல்வதற்கு முன்பே நான் முந்திக்கொண்டேன். நூறு மணிக்கூர் அண்ணே, அதுவரை எப்படிக் கேட்டாலும் கவலைப்படாதீங்க என்றேன். வேறு யாராக இருந்தாலும் ஏன், எதற்கு என்று கேட்டிருப்பார்கள். அவர் என் தோளில் தட்டினார். "புது எஞ்சினை எடுத்த உடனே முறுக்கக்கூடாதுல்லா. பைய ஓட்டிப் பழக்கணும். எனக்கே சொல்லித் தாறியா மக்கா?"

ஒரு பக்கம் பிந்தும்

டியூட்டி முடிந்து வந்து தினமும் மூன்று மணிநேரம், விடுமுறையில் ஐந்து மணிநேரம் ஓட்டினார். டிரிப் எழுதுகிற பழக்கத்தில், சுவர்க் காலண்டரில் தேதிக்குக் கீழே அன்றன்றைய மணிக்கூரை எழுதி வைத்தார். இரண்டாவது வாரம் போன் வந்தது. நேற்றுவரைக்கும் நன்றாக இருந்தது மக்கா, இன்றைக்கு வலது பாக்ஸ் அமுங்கிப் போயிற்று என்றார். துணியைப் பொத்திப் பாடின மாதிரி இருக்கிறது.

நான் அப்போது ஒரு கல்யாண மண்டபத்துக்குச் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தேன். அண்ணே, ரெண்டும் ஒரே மாதிரி இளகாது, ஒண்ணு முந்தும், ஒண்ணு பிந்தும், ஓட்டுங்க, நான் ஒரு நாள் வாறேன் என்றேன். இதை அதற்கு முன் யாருக்கும் சொன்னதில்லை. அந்த நிமிடம் வாயில் வந்தது. ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். நாற்காலியைத் திருப்பிப் போட்டு, பாக்ஸுக்கு முதுகைக் காட்டி உட்காருங்க, இப்போ எந்தப் பக்கம் அமுங்கியிருக்கு? பாக்ஸில் கோளாறு என்றால் அமுங்கல் இடது பக்கத்துக்கு மாறும். மாறாமல் வலதிலேயே நின்றால் கோளாறு பாக்ஸில் இல்லை. அதற்கு நான் போகக்கூட வேண்டாம். போனிலேயே முடிந்திருக்கும்.

நான்கு நாள் கழித்து மறுபடி கூப்பிட்டார். இந்த முறை குரலில் ஆச்சரியம். செட்டை அணைத்த பிறகும் வலது பக்கம் 'ஊ' என்று ஒரு இரைச்சல் நிற்காமல் வருகிறதாம். நான் சிரித்தேன். உள்ளே கெப்பாசிட்டர் என்று ஒன்று இருக்கிறது அண்ணே, அதில் கொஞ்சம் கரண்டு தங்கும், அதுதான் என்றேன். பிளக்கையே பிடுங்கிவிட்டேன், பிறகும் வருகிறதே என்றார். பிடுங்கினாலும் கொஞ்ச நேரம் தங்கும் என்றேன். அவர் நம்பினார். நம்பியது மட்டுமல்ல, எனக்காகப் பெருமையும் பட்டார். "கரண்டு இல்லாமலும் முனங்குது பாத்துக்க. உசிருள்ள சாதனத்தையாக்கும் நீ தந்திருக்கது."

டபிள் பெல்

அவருடைய பஸ் கடை வழியாகத்தான் போகும். திரும்பி வருகிற டிரிப்பில் டிரைவர் ஜன்னல் எங்கள் பக்கம் இருக்கும். கடைக்கு நேர் எதிரே ஸ்டாப். ஆள் ஏறி இறங்குகிற இடைவெளியில் அவர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "அறுபத்தி நாலு!" என்பார். மறுநாள், "அறுபத்தி ஏழு!" நான் கடைக்குள்ளிருந்து கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவேன். பஸ்ஸில் இருப்பவர்கள் ஏதோ பந்தயம் என்று நினைத்துச் சிரிப்பார்கள்.

ஒரு நாள் நான் படியில் இறங்கி நின்று, வலது பக்கம் எப்படி இருக்கு அண்ணே என்று கேட்டேன். அவர் கையைக் காதோரம் வைத்து, உடம்பையே முறுக்கி, இடது கன்னம் என் பக்கம் வரும்படி முகத்தை முழுக்கத் திருப்பினார். லாரி ஒன்று போய்க்கொண்டிருந்தது. லாரிச் சத்தம் என்று நினைத்துக்கொண்டேன். மறுபடி சத்தமாகக் கேட்டேன். அவர் பதில் சொல்வதற்குள், வண்டியை எடுக்கச் சொல்லி இரட்டை மணி அடித்திருந்த கண்டக்டர் பின்படியிலிருந்து கத்தினார். "டபிள் பெல் அடிச்சு எவ்வளவு நேரமாச்சு அண்ணோ! பாக்ஸுக்க காரியம் பெறகு பறையாம், உள்ள மனுசம்மாரு இருக்கினும்!"

நாற்காலி

லில்லி அக்கா கூப்பிட்ட பிறகுதான் போனேன். "தம்பி, அவரு அந்தப் பாக்ஸோட கிடந்து வெப்ராளப்படுறாரு, ஒண்ணு வந்து பாத்துட்டுப் போ" என்றார். கடையிலிருந்து அரைமணி நேரம். காலண்டரில் கூட்டிப் பார்த்தால் தொண்ணூற்றெட்டு மணிக்கூர். முதல் போன் வந்து மூன்று வாரம் கடந்திருந்தது.

நான் உட்கார்ந்து கேட்டேன். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, தெளிவாக இருந்தது. நல்ல செட். வயர்களை மாற்றிப் போட்டேன். அவர் கேட்டுவிட்டு, வலதுதான் என்றார். பாக்ஸையே தூக்கி இடம் மாற்றினேன். வலதுதான். பிரம்பு நாற்காலியைத் திருப்பிப் போட்டு, அண்ணே, சுவரைப் பார்த்து உட்காருங்க என்றேன். பரிசோதனைக்கு உட்காருகிற நோயாளிபோல் பணிவாக உட்கார்ந்தார். பாட்டு ஓடியது. கையைத் தூக்கி, வலது காதைத் தொட்டுக் காட்டினார். இந்தப் பக்கந்தான் மக்கா.

நான் அவருடைய இடது காதைக் கையால் பொத்தினேன். அவர் திரும்பி என்னைப் பார்த்தார். ஏன் பாட்டை நிறுத்தினாய் என்று கேட்டார். பாட்டு ஓடிக்கொண்டுதான் இருந்தது.

லில்லி அக்கா சமையலறை வாசலில் துணியில் கை துடைத்தபடி நின்றிருந்தார். அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. இத்தனை நாள் அவர் பயந்தது வேறு. "அப்பம் பாக்ஸுக்குக் கேடு ஒண்ணும் இல்லியே? கர்த்தருக்கு ஸ்தோத்திரம்."

லீவு கிட்டல்ல

அன்று மாலையே நெய்யாற்றின்கரையில் ஒரு காது டாக்டரிடம் அழைத்துப் போனேன். இளம் பெண். கண்ணாடி அறையில் உட்காரவைத்துச் சோதித்தார்கள். காகிதத்தில் ஒரு கோடு மேலே போனது, மற்றொரு கோடு கீழே கிடந்தது. எத்தனை நாளாயிற்று என்று டாக்டர் மலையாளத்தில் கேட்டார். ஒரு மாதத்துக்குக் கிட்ட என்றார் அண்ணன், செட்டை அணைத்த பிறகும் வந்த இரைச்சலையும் சொன்னார். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். காது திடீரென்று இப்படி அடங்கினால் முதல் சில நாட்களில் மருந்து கொடுக்க வேண்டும், சிலருக்குத் திரும்பி வரும், எல்லாருக்கும் என்று சொல்ல முடியாது, இப்போதும் மருந்து தருகிறேன், ஆனால் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம் என்றார். நிதானமாகத்தான் சொன்னார். அதன் பிறகுதான் குரலை உயர்த்தினார். செட்டை அணைத்தாலும் இரைகிறது என்று தெரிந்தும் ஏன் வரவில்லை?

நான் அண்ணனுக்கு இடது பக்கம் நின்றிருந்தேன். இரண்டு பேருக்கும் இடையே ஒரு முழம் இருக்கும். அண்ணன் என் முகத்தைப் பார்த்தார். நான் சுவரில் தொங்கிய காதின் படத்தைப் பார்த்தேன். வெட்டிவைத்த நத்தையைப் போல உள்ளே சுருண்டிருந்தது. நான் சொல்வேன் என்று அவர் எவ்வளவு நேரம் காத்திருந்தார் என்று தெரியாது. பிறகு டாக்டரிடம் திரும்பினார். "லீவு கிட்டல்ல டாக்டரே. பஸ்சுக்கு ஆளில்லை."

டயர் அறை

மருந்தில் ஒன்றும் திரும்பவில்லை. மறுபடி பஸ் எடுத்தார். இரண்டாவது வாரத்தில், ஒரு வளைவில், வலது பக்கம் முந்திவந்த ஸ்கூட்டரின் ஹாரன் அவருக்குக் கேட்கவில்லை. ஓட்டிவந்தவள் ஒரு காலேஜ் பெண். ரப்பர் மரத்தில் கைப்பிடி உரசி நின்றது. அவளுக்கு ஒரு கீறல்கூட இல்லை. அவர் பஸ்ஸை ஓரம் கட்டினார். வேறு டிரைவர் வந்துசேரும்வரை அதை அங்கிருந்து எடுக்கவில்லை. மறுநாள் தன் கையாலேயே எழுதிக் கொடுத்தார், இனி வண்டி ஓட்டமாட்டேன் என்று. யாரும் கேட்கவில்லை, யாரும் புகார் செய்யவில்லை. டிப்போவில் டயர் அறையில் வேலை கொடுத்தார்கள்.

ஒரு மாதம் கழித்துப் போனேன். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். டயர்களுக்குச் சாக்கட்டியால் எண் எழுதிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் நின்று, அவர் முகத்தைப் பார்க்காமல், எல்லாவற்றையும் சொன்னேன். முதலாளி சொல்லிக் கொடுத்தது, எல்லாக் கடையிலும் இதைத்தான் சொல்கிறார்கள் என்பது, அன்றைக்குக் கல்யாண மண்டபத்து வேலை இருந்தது, இப்படி ஆகும் என்று கனவிலும் நினைக்கவில்லை என்பது. அவர் எழுதிக்கொண்டே இருந்தார். பிறகு நிழல் தட்டி நிமிர்ந்து, எப்பம் வந்தே மக்கா என்றார். நான் நின்றது அவருடைய வலது பக்கம்.

இந்தப் பக்கம் வா, வந்து சொல்லு என்றார். டயர்களைச் சுற்றி நடந்து இடது பக்கம் போவதற்குப் பத்து அடி இருக்கும். அந்தப் பத்து அடியில் முதலாளி போய்விட்டார், மற்றக் கடைகள் போயின, கல்யாண மண்டபம் போயிற்று. மிச்சமிருந்ததைச் சொன்னேன். அண்ணே, அந்த நூறு மணிக்கூர், நான் வராம இருக்கதுக்காகச் சொன்னதாக்கும்.

சாக்கட்டியைச் சட்டைப் பையில் போட்டார். கையைத் தட்டினார். கொஞ்ச நேரம் டிப்போவிலிருந்து வெளியே போகிற வெள்ளறடை பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றார். அது கியர் மாற்றுகிறவரை பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நான் இன்று இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். "எனக்கு அது டாக்டர் முன்னால வச்சே தெரிஞ்சாச்சு. லில்லிகிட்ட பறஞ்சிராதே. அவ இப்பமும் சபையில எல்லார்கிட்டயும் உனக்க கடையைத்தான் சொல்லிட்டு நடக்கிறா."

இப்போதெல்லாம் சத்தத்தில் ஏதோ குறை என்று யார் போன் செய்தாலும் அந்த நிமிடமே ஷட்டரை இறக்கிவிட்டுக் கிளம்பிவிடுகிறேன். போய்ப் பார்த்தால் பெரும்பாலும் வயர்தான் கழன்று கிடக்கிறது.